பிராவோ

நாங்கள் படிக்கும் கட்டடம்
முன்னொரு காலம் சொக்லேட் தொழிற்சாலை.
பேர்ண் நகரம், லெங்காஸ் பக்கம்.
இயந்திரங்களைக் கழற்றிவிட்டுப்
புத்தக அடுக்குகள் வைத்திருக்கிறார்கள்.
மழை நாளில் சுவர் இன்னும் மணக்கும் என்று
முதலாண்டுப் பொடியள் சத்தியம் பண்ணுவார்கள்.
பொய்.
ஒரு முழுக் குளிர்காலம் பசியோடிருந்து
மோந்து பார்த்தவள் சொல்கிறேன்.

குளிர்பெட்டியில் ஆளுக்கொரு தட்டு.
அன்னினாவின் தட்டில் பாதி வெள்ளரிக்காய்,
கடுகுப் போத்தல்,
திறந்த தேதி எழுதி ஒட்டிய தயிர்.
என் தட்டில்
தூன் நகரத்திலிருந்து அம்மா கொடுத்துவிட்ட
கத்தரிக்காய்க் குழம்பு, தொடாமல்,
எண்ணெய் வெள்ளையாய் உறைந்து.
இரவில் தண்ணீர் எடுக்க வருவது போல் வந்து
ஒருத்தி தட்டை ஒருத்தி பார்த்துக்கொண்டோம்.
அதைப் பற்றி மட்டும் கதைக்கவில்லை.

அவள் நாற்பத்தொரு கிலோ ஆனபோது
வீடு விழித்துக்கொண்டது.
மேல்மாடிக்காரி சூப்போடு வந்தாள்.
பேராசிரியர் கட்டுரைக்குத் தவணை கொடுத்தார்.
ஒரு செவ்வாய்க்கிழமை படியில் மயங்கி விழுந்தாள்.
குறையாகச் சொல்லவில்லை,
அவள் சாகப் பார்த்தாள்.
மருத்துவமனைக்கு அவள் பெட்டியை நான்தான் இழுத்துப்போனேன்.
அவளைவிடப் பெட்டி கனம்.

நான் தொண்ணூற்றாறில் தொடங்கியவள்.
மென்சா வரிசையில்
என் தட்டைப் பார்த்துவிட்டுத்தான்
என் முகத்தைப் பார்ப்பார்கள்.
காதுவலி என்று போனாலும்
மருத்துவர் காதுக்கு முன் தராசைக் காட்டுவார்.

நான்கு மாதத்தில் எழுபத்தெட்டு.
என் தலைமுடி குளியலறைக் குழாயை அடைத்தது.
மாதவிலக்கு நின்றது.
ட்ராமுக்கு ஓடினால் கண் இருட்டியது.
மருத்துவர் தராசைப் பார்த்தார்,
திரையைப் பார்த்தார்,
அப்பாவின் பெயரை இரண்டாக உடைத்து
"பிராவோ, ஃபிராவ் தானிகா சாலம்!
இப்படியே தொடருங்கள்" என்றார்.
நான் சாப்பிடுவதில்லை, டொக்டர்.
"கட்டுப்பாடு" என்று திருத்தினார்.

கோயில் மண்டபத்தில் மாமிமார்
என் இடுப்பைக் கையால் அளந்தார்கள்.
"மெலிஞ்சு நல்ல வடிவா வந்திட்டாய் சாம்பவி,
என்ன செய்தனி, எங்களுக்கும் சொல்லன்."
அம்மா பக்கத்தில் நின்று சிரித்தா.
பெருமை. அவவை நான் என்ன சொல்ல.

அன்னினாவைப் பார்க்கப் போன நாள்
அவளுக்கு முன் ஒரு பாண் துண்டும் வெண்ணெயும்.
இருபது நிமிடம். தாதி மணிக்கூட்டோடு இருந்தாள்.
அன்னினா பாணைப் பார்க்கவில்லை.
என் விரல்களைப் பார்த்தாள்.
நகம் நீலம். கையில் பூனைமயிர்.
"எப்போதிருந்து?" என்றாள்.
நான் கையைச் சட்டைக்குள் இழுத்தேன்.
"என்னிடமா ஒளிக்கிறாய்,
அந்தச் சட்டைக் கையை நீட்டித் தைக்கப் பழக்கியதே நான்தான்."

தாதியைக் கூப்பிட்டுச் சொன்னாள்.
தாதி என்னை மேலும் கீழும் பார்த்தாள்,
ஒரு அலுமாரியை வாசலுக்குள் கொண்டுபோக முடியுமா
என்று யோசிப்பவள் போல.
"இங்கே சேர ஒரு எண் இருக்கிறது" என்றாள்,
உண்மையாகவே வருத்தப்பட்டு.
அந்த எண்ணுக்குப் போக
இன்னும் முப்பது கிலோ நான் சாகவேண்டும்.

அன்னினா அழுதாள். பிறகு கோபத்தில்
பாணை முழுவதும் தின்றாள்.
அப்படி ஒரு கோபத்தை
நான் அவளிடம் கண்டதில்லை.

வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்தேன்.
குழம்பில் பூஞ்சணம் பிடித்திருந்தது.
கொட்டினேன். பாத்திரத்தை இரண்டு தரம் கழுவினேன்.
தூனுக்கு எடுத்தேன்.

அம்மா, இன்னொருக்கால் கத்தரிக்காய் வைப்பியளோ?
"எண்ணெயைக் குறைச்சு வைக்கிறன் பிள்ளை,
இப்பதானே மெலிஞ்சனி."
குறைக்காதேங்கோ.
அம்மா, நான் மெலியேல்லை. எனக்கு வருத்தம்.

மறுமுனையில் குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.
யாரோ அதை நிறுத்தினார்கள்.
நெடுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு அம்மா கேட்டா,
"எத்தனை கத்தரிக்காய்?"